சகுனி வரும் நேரத்தில் ஓடிய மெஷின்

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி வந்தவரை அந்தத் தெருவில் எல்லாரும் நாலுநாள் என்றே கூப்பிட்டார்கள். அவர் வந்தபோது அக்காவின் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் லாண்டரியின் முன்கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, சட்டையில் கறை போகவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை, கறை எப்படி வந்தது என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்புகிறாள். நாலாவது நாள் மட்டும் இன்னும் முடியவில்லை.

வந்த காரணம் நியாயமானதுதான். அக்காவின் கணவர், நாலுநாளுக்கு அத்தான், ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தார். “கால் கூடுற வரைக்கும் ஒத்தாசையா இருடா” என்றாள் அக்கா. கால் கூடிவிட்டது. ஆனால் கூடிவிட்டது என்று யாரும் அவரிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை. அவரும் வலியப் போய்க் கேட்டுக்கொள்ளவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று இருந்தது. நாலு பக்கமும் ஜன்னல். காற்று கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, படுத்திருப்பவரின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகும். அங்கேதான் அவருடைய கட்டில். கட்டிலுக்கு அடியில் வந்த அன்றைக்குத் தள்ளிவைத்த ஏர்பேக். அதன் ஜிப் துருப்பிடித்து மூடிக்கொண்டுவிட்டது.

கீழே லாண்டரி. முன்னால் கவுண்டர், நடுவில் இஸ்திரி மேசைகள், பின்னால் கொட்டகை. கொட்டகையில் துவைக்கும் தொட்டிகளும் பிழியும் மெஷினும்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். ஈரத்துணியைப் போட்டு மூடியை அழுத்திச் சுவிட்சைத் தட்டினால் முதலில் முனகும், அப்புறம் புலம்பும், அப்புறம் ஊரைக் கூட்டும். மூன்று வீடு தள்ளி ஒரு பல் டாக்டர் இருந்தார். இந்த மெஷின் ஓடும் நேரம் பார்த்துத்தான் அவர் பல் பிடுங்குவார். உள்ளே ஒருவர் போடுகிற சத்தம் வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்காது என்பதால், அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. நன்றிக்கு ஒருமுறை பழக்கூடை அனுப்பினார் என்று அத்தான் சொல்வார்.

சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் மெஷின் நடக்கும். ஒரு மழைக்காலத்தில் பெரிய கம்பளி ஒன்றை விழுங்கிவிட்டு, அது கவுண்டர் வரைக்கும் நடந்து வந்து, எதிரே வந்த ஒரு அம்மாளுக்கு வழிவிட்டு, தானாகவே திரும்பிப் போய்விட்டதாம். இதுவும் அத்தான் சொன்னதுதான். வந்ததை நாலுநாள் நம்புகிறார். திரும்பிப் போனதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. எப்படியோ, அதற்குப் பிறகு மெஷினைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டிவைத்தார்கள்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கூடவே அத்தானுக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்சநாள் பலகைக் கட்டிலில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், மனசை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். 

அக்கா அதை இரண்டாகப் பிரித்தாள்.

“மனசை அமைதியா வச்சுக்கோங்க. அது உங்க கையில இருக்கு. ஓய்வெல்லாம் மழை முடியட்டும். லாட்ஜ் துணி மலை மாதிரி கிடக்கு.”

“படுக்கச் சொன்னாரே.”

“ராத்திரி படுக்கத்தானே போறீங்க.”

மனசு அமைதிக்கு வழி கொண்டுவந்தவர் எதிர்வரிசைக் கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடி விற்பவர். தன் கடைக்கு ஆள் வந்தால் இங்கிருந்தே தெரியும் என்று சொல்லி இங்கேயே உட்கார்ந்திருப்பார். யாரும் வராததால் எழுந்திருக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. காலை டீக்கு வந்து, அடுத்த டீ வருகிறவரைக்கும் அவசரமில்லாமல் குடிப்பார். அவர்தான் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து அத்தான் கையில் வைத்தார்.

“பாரதம் முழுசும் இருக்கு. வெறும் கதை இல்ல. ஒவ்வொரு பகுதி முடிவுலயும் வாழ்க்கைக்கு ஒரு பாடம் சொல்றாரு. கேட்டா பிரஷர் இறங்கும். எனக்கே இறங்கிடுச்சு.”

“உங்களுக்கு எப்ப ஏறுச்சு?” என்றாள் அக்கா.

அத்தானுக்குப் பாரதம் தெரியாது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கதை கேட்க வேண்டிய வயதில் துணி அலசிக்கொண்டிருந்தேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கரை இஸ்திரி மேசைக்கு மேலே கொக்கியில் மாட்டினார்கள். சட்டைகளுக்கு நடுவில் அதுவும் தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு பெரியவர், தொண்டையில் பாதியை அடைத்துவைத்துக்கொண்டு மீதிப்பாதியால் கதை சொன்னார். முக்கியமான இடம் வருவதற்கு முன்னால் மூன்று முறை செருமுவார். கதை முடிந்ததும், “ஆகவே அன்பர்களே, இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?” என்று கேட்டு, நாம் பதில் சொல்வோமோ என்று பார்ப்பதுபோலச் சற்றுக் காத்திருந்து, அப்புறம் தானே சொல்வார்.

அத்தான் பாடங்களை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பீஷ்மர் சபதம் செய்த அன்றைக்குப் பாடம், கொடுத்த வாக்கை எப்பாடு பட்டாவது காப்பாற்று என்பது. வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன துணியை அத்தான் வியாழக்கிழமையே தயாராக வைத்தார். லாண்டரி வரலாற்றில் இது நடந்ததில்லை. வியாழன் என்றால் சனி என்று ஊர் முழுக்கப் பழகிப்போயிருந்ததால் யாரும் வரவில்லை. தேய்த்த துணிகள் கூரைவரை ஏறின. கவுண்டருக்குப் பின்னால் மகள் இருக்கிறாளா இல்லையா என்பதைக் குரல் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பேச்சோடு பேச்சாகக் கர்ணனின் கொடை வந்த அன்றைக்குப் பாடம், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதே. ரொம்பக் காலமாக யாரும் வாங்கிப் போகாமல் மூலையில் தொங்கிய ஒரு கோட்டைப் பார்த்து ஒருவர், “நல்லா இருக்கே” என்றார். அத்தான் கழற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் கோட்டின் சொந்தக்காரர் வந்தார். இத்தனை வருஷமாக வெளிநாட்டில் இருந்தாராம்.

“கர்ணன் கூட அவன் உடம்புல இருந்ததைத்தான்ப்பா அறுத்துக் கொடுத்தான்” என்றாள் மகள். “கஸ்டமர் கோட்டை எடுத்துக் கொடுக்கல.”

நாலுநாளுக்குப் பாரதம் நன்றாகவே தெரியும். அதனால்தான் அவருக்கு நிம்மதி இல்லை. கதையில் யார் யார் எப்போது வரப்போகிறார்கள் என்பது தெரிந்தவனுக்கு, அடுத்து யார் வரப்போகிறார்கள் என்ற கவலை உண்டு. ஆனாலும் அத்தான் அவ்வளவு தூரம் யோசிக்கமாட்டார் என்று தைரியமாகத்தான் இருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறக்கும்வரை.

“இன்னும் சகுனி வரலையா?” என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே.

“யாரு அது?” என்றார் அத்தான்.

“அடேயப்பா, அவன் வந்தாத்தான் கதையே. காந்தாரிக்குக் கூடப்பிறந்தவன். அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தான். வந்தவன் திரும்பிப் போனானா? போகல. அங்கேயே தங்கிட்டான். சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே. உட்கார்ந்த இடத்துல இருந்துக்கிட்டே குடும்பத்தை ரெண்டாப் பிளந்து, கடைசியில ஒருத்தன் மிஞ்சல.”

“ஓகோ.”

“ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தன் இருப்பான் சார். கதை கேட்கக் கேட்க நமக்கே புரியும்.”

அத்தான் மெதுவாகத் தலையைத் திருப்பி, எதையோ கணக்குப்போடுகிற மாதிரி நாலுநாளைப் பார்த்தார். 

“மாமா” என்றாள் மகள், “அந்தத் தலையணை உறையை எத்தனை தடவை தேய்ப்பீங்க? அது காகிதம் மாதிரி ஆயிடுச்சு.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. போவதற்கு அவருக்கு வேறு இடம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலு நாளில் திரும்பிப் போய்ச் செய்துகொள்ளலாம் என்று இருந்தார். அப்பாவின் வீடு இருந்த இடத்தில் இப்போது வண்டிகளுக்கு டயர் மாற்றுகிறார்கள். அவருக்குத் தெரிந்த உலகம் இந்தக் கொட்டகையும், மாடியறையும், அக்கா வைக்கிற ரசமில்லாத சாப்பாட்டைப் பற்றி அத்தானும் அவரும் சேர்ந்து குறைசொல்வதும்தான். அதிலிருந்து ஒரு கதை தன்னைக் கிளப்பிவிடும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை பெரியவர் காந்தாரியின் கண்ணைக் கட்டி முடித்தார். “காந்தாரிக்கு ஒரு சகோதரன் இருந்தான்” என்றார். ஒருமுறை செருமினார். இரண்டாம் முறை செருமினார். மூன்றாவது செருமலுக்கு முன்னால் நாலுநாளின் கை தானாகவே சுவிட்சைத் தட்டிவிட்டது.

மெஷின் முனகியது, புலம்பியது, அலறியது. கொக்கியில் தொங்கிய ஸ்பீக்கர் வாயசைக்காமல் பேசிக்கொண்டே இருந்தது. நிறுத்தியபோது, “ஆகவே அன்பர்களே, உறவுகளிடத்தில் எச்சரிக்கை தேவை” என்று மட்டும் கேட்டது.

“எந்த உறவு?” என்றார் அத்தான். “யாருக்கு எச்சரிக்கை?”

“மழை அத்தான். துணி காயமாட்டேங்குது. ரெண்டு தடவை பிழிஞ்சாத்தான்.”

அத்தான் மெஷினைப் பார்த்தார். நாலுநாளைப் பார்த்தார். “சரி மாப்ளே” என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. செருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிற தேர்ச்சி நாலுநாளுக்கு வந்துவிட்டது. தர்மருக்கு ஒரு செருமல், துரியோதனனுக்கு இரண்டு, சகுனிக்கு நீளமாக மூன்று. மூன்றாவது வருவதற்குள் மூடியை அழுத்திவிடுவார். உள்ளே ஈரத்துணி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. துணி போட நேரம் இருக்கிறதா என்ன. கண்ணாடிக்கடைக்காரர் கதையைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுத்தாலும் மெஷின் ஓடியது. அந்த மாதம் பல் டாக்டருக்கு நல்ல வேலை நடந்தது.

ஓட்டை விழுந்த பாரதம் அத்தானைக் குழப்பியது.

“ஏன் மாப்ளே, அந்த அரக்கு வீட்டைக் கட்டச் சொன்ன யோசனை யாருது?”

“கான்ட்ராக்டர் அத்தான்.”

“அவனுக்கு யாரு சொன்னா?”

“அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். அவங்க எப்பவுமே அப்படித்தான் கட்டுவாங்க.”

அத்தான் தலையாட்டினார். அவருடைய வீட்டையும் ஒரு கான்ட்ராக்டர்தான் கட்டியிருந்தார்.

சூதாட்டம் வந்தது. அதற்கு முந்தின ராத்திரியே நாலுநாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் தயார்செய்து வைத்திருந்தார். அதிர்ஷ்டவசமாக அன்றைக்குக் கண்ணாடிக்கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். வந்தவரை விடக்கூடாது என்று கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே காலையிலிருந்து மெஷின் நிற்கவில்லை. நின்றபோதெல்லாம் தர்மர் ஒன்றைத் தோற்றிருந்தார். முதலில் நாடு. அப்புறம் தம்பிகள். அப்புறம் தன்னையே. எதிரே உட்கார்ந்து காய் உருட்டியது யார் என்பது மட்டும் அந்த லாண்டரியில் யார் காதிலும் விழவில்லை.

கடைசியாக மெஷின் ஓய்ந்தபோது அத்தான் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. 

“எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு” என்றார்.

நாலுநாள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். “என்ன அத்தான்?”

“எதிர்ல ஆளே இல்ல மாப்ளே. அவனா ஆடியிருக்கான், அவனா தோத்திருக்கான். ஒரு குடும்பத்தைக் கெடுக்க வெளியிலேருந்து ஆள் வர வேண்டாம். குடும்பத் தலைவன் ஒருத்தன் போதும். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கல.”

“அப்படி முடிவுக்கு வர வேண்டாமே அத்தான். கதைதானே.”

“கதை இல்ல. பாடம்.” அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அரைஞாணில் கட்டிய மாதிரி எப்போதும் இடுப்பிலேயே தொங்கும் கடைச்சாவிக் கொத்தை அவிழ்த்து அக்காவிடம் நீட்டினார். “இந்தா. ராஜ்யத்தை நீயே பார்த்துக்க. நான் வனவாசம் போறேன்.”

அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைக்கவில்லை. “எங்க?”

“மாடிக்கு.”

“மாடியில தம்பி இருக்கானே.”

“வனத்துல யார் இருந்தாலும் ராஜா வந்தா ஒதுங்கிக்குவாங்க.”

“மத்தியானம் சாப்பாடு?”

“அட்சய பாத்திரம்னு ஒண்ணு வரும்னு சொல்றாங்க.”

“அதை யாரு கழுவுறது?” என்றாள் அக்கா. 

“திரௌபதியும் கூடத்தானே போனா.”

“அவளுக்கு வேலை செய்ய அஞ்சு பேர் இருந்தாங்க. எனக்கு ஒண்ணுதான் இருக்கு. அதுவும் மாடியேறப் போகுது.” ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். ஓய்வு என்றால் விட்டிருக்கமாட்டாள். வனவாசம் என்று ஒருவர் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது.

படியேறும்போது அத்தான் திரும்பி, ஸ்பீக்கரிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மகளிடம் காதில் மாட்டுகிற வயரைக் கேட்டு வாங்கினார்.

“மறுபடி முதல்லேருந்து கேட்கப்போறேன் மாப்ளே. இங்க மெஷின் சத்தத்துல பாதி விழல. யாரோ ஒருத்தன் விட்டுப்போன மாதிரியே இருக்கு.”

இப்படியாக, தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினை ஓட்டிய நாலுநாள் அன்றைக்கே அறையை இழந்து, இஸ்திரி மேசைக்கு அடியில் பாய் விரித்தார். மேலே காற்று வேறு ஒருவருடைய போர்வையைச் சரிசெய்தது.

லாண்டரி என்னவோ முன்னைவிட நன்றாக நடந்தது. வியாழன் பழையபடி சனியாயிற்று. ஜனங்கள் நிம்மதியாக வந்து போனார்கள். நாலுநாளுக்குத்தான் நிம்மதி போயிற்று. மூன்று வேளையும் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அத்தான் கட்டிலில் மல்லாந்து, காதில் வயரோடு, கண்ணை மூடிக் கிடப்பார். கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிலசமயம் சிரித்தார். சிலசமயம் ஒற்றைக் கண்ணைத் திறந்து நாலுநாளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அந்தப் பார்வைக்கு ஆயிரம் அர்த்தம் இருந்தது. ஆயிரத்தையும் நாலுநாள் யோசித்துப் பார்த்தார்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்கிறவர் வந்தார். அத்தான் எழுந்து உட்கார்ந்து அவரை மறித்தார்.

“நில்லு. என் கேள்விக்குப் பதில் சொல்லாம இந்தத் தண்ணியைத் தொடக்கூடாது.”

தொட்டிக்காரர் உள்ளே எட்டிப்பார்த்தார். “முதல்ல நீங்க சொல்லுங்க. மூடியைத் திறந்து போட்டது யாரு? உள்ள காக்கா கிடக்கு.”

நாலுநாளுக்குப் பகீர் என்றது. காக்காவுக்காக இல்லை. வனவாசத்தில் தடாகத்து யட்சன் கேட்கிற கேள்விகள் வந்துவிட்டன என்றால் காய் உருட்டிய கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது. அத்தானுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இருக்கிறார். நாளைக்கோ மறுநாளோ சொல்வார். அதற்கு முன்னால் நாமே போய்விடுவதுதான் மரியாதை.

அத்தான் குளிக்கப் போன நேரத்தில் கட்டிலடியிலிருந்து ஏர்பேக்கைக் கீழே கொண்டுவந்தார். ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். மெஷின் எண்ணெய் விட்டார். கடைசியில் இடுக்கியால் இழுத்தபோது அது ஒரு பல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாதி திறந்தது. உள்ளே, வந்த அன்றைக்கு எடுத்துவைத்த நாலு சட்டை, தேய்த்த மடிப்புக் கலையாமல் இருந்தது. எதுவும் இப்போது அவருக்குப் பத்தாது.

“மாமா, எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மகள், வாசலில் நின்று.

“வந்து நாலு நாள் ஆச்சும்மா.”

அவள் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அக்காவிடம் சொல்லிக்கொள்ளக் கொட்டகைக்குப் போனார். அவள் லாட்ஜ் படுக்கை விரிப்புகளை மடிக்க நின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கத்து முனைகளை அவர் கையில் கொடுத்தாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் போய் இழுத்து உதறி, முன்னால் வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போகவேண்டும். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் இதைப் பேசிக்கொண்டு செய்ததே இல்லை. இரண்டு பேருக்கும் கால் தானாக நகரும்.

“போறேன்க்கா” என்றார், முன்னால் வந்தபோது.

அவள் முனைகளை வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். விரிப்பு விறைத்தது. திரும்ப வந்தபோது, “இந்த முனையை யார் பிடிப்பா?” என்றாள்.

“யாராவது வருவாங்க.”

“வந்து கத்துக்கிட்டு, இழுக்கத் தெரியாம இழுத்து, என் தோளைக் கழட்டிட்டுப் போகட்டும்.” அடுத்த விரிப்பை எடுத்தாள். “என்ன பிரச்சினைன்னு நான் கேட்கல. அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டுப் போ. சொல்லாம போனா நான் உனக்கு அக்கா இல்ல.”

மழை விட்டு லேசாக வெயில் விழுந்திருந்தது. நாலுநாள் ஒரு கையில் டீயும் மறு கையில் ஏர்பேக்குமாக மாடியேறினார். குளித்துவிட்டு வந்த அத்தான் மறுபடி படுத்திருந்தார். டீயை வாங்கிக்கொண்டு பையைப் பார்த்தார். வயரைக் காதிலிருந்து எடுத்தார்.

“அத்தான்” என்றார் நாலுநாள். “சகுனி வந்துட்டானா?”

“எப்பவோ.”

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“தெரியும் மாப்ளே. ஏழாம் கிளாஸ்ல நான்தான் சகுனி. பள்ளிக்கூட நாடகத்துல. பகடைக்காய் கிடைக்கலன்னு எங்கப்பா துணி சோப்பை வெட்டிக் கொடுத்தாரு. கை வேர்த்து, நடு சபையில நுரை வந்துடுச்சு. தர்மன் வழுக்கி விழுந்தான்.”

நாலுநாள் பையைக் கீழே வைத்தார். வைத்தார் என்பதைவிட, அது கையைவிட்டுப் போயிற்று.

“உங்களுக்குப் பாரதம் தெரியாதுன்னு…”

“அப்படிச் சொல்லி வச்சிருந்தேன். தெரியும்னு சொன்னா உங்க அக்கா, தெரிஞ்ச கதையை எதுக்குக் கேட்கணும்னு ஸ்பீக்கரைக் கழட்டியிருப்பா.” அத்தான் டீயை ஒரு வாய் குடித்தார். “நான் ஒண்ணு கேட்கட்டுமா? நான் இந்தத் தொழில்ல எத்தனை வருஷம்?”

“நான் வர்றதுக்கு முன்னாடியேருந்து.”

“உள்ள ஈரத்துணி இருந்தா மெஷின் தொண்டையிலேருந்து கத்தும். வெறும் டிரம் ஓடுனா மூக்கால அழும். இது எனக்குத் தெரியாதா? முதல் நாளே உங்க அக்கா என்கிட்ட கேட்டா, தம்பி ஏன் வெறும் மெஷினை ஓட்டுறான்னு. மழைக்காலத்துல அவனுக்கு அப்படித்தான் இருக்கும், விடுன்னு சொன்னேன்.”

நாலுநாளுக்குக் காது சூடாயிற்று. “அப்புறம் ஏன் அத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி? எதிர்ல ஆளே இல்ல, வனவாசம் அது இதுன்னு?”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஓய்வெடுக்கச் சொன்னாரு. பலகைக் கட்டில்ல.”

“எடுக்க விட்டாளா? இந்த வீட்ல பலகைக் கட்டில் எது?” அத்தான் படுத்திருந்த கட்டிலை விரலால் தட்டினார். “காத்து வேற. நான் வந்து, மாப்ளே, உன் ரூமைக் குடுன்னு கேட்டா நீ குடுத்திருப்ப. அவ விட்டிருக்கமாட்டா. உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீயா மெஷினைத் தட்டி எனக்கு வழி பண்ணிக் கொடுத்த.”

இந்த வீட்டில் காய் உருட்டியது யார் என்ற கேள்விக்கு, இத்தனை நாள் மெஷினை ஓட்டி மறைத்த கேள்விக்கு, பதில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

“நான் பயந்தே போயிட்டேன் அத்தான். நீங்க என்னைப் பார்த்த பார்வை.”

“அது பார்வை இல்ல. எப்படா உனக்குப் பிடிபடும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.” அத்தான் காலால் ஏர்பேக்கை மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “சகுனி அந்த அரண்மனையில ஒரு துணி பிழிஞ்சிருக்கானா? ஒரு விரிப்போட முனையைப் பிடிச்சிருக்கானா? எங்கயாவது சொல்லியிருக்கா? நான் ரெண்டு தடவை கேட்டுட்டேன். இல்ல. நீ போனா நான் கீழ இறங்கணும். எனக்கு எதுக்கு அந்த வம்பு. போய் வேலையைப் பாரு.”

நாலுநாள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோப்புத்தூள் பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டார். படிவரை போய்த் திரும்பினார்.

“அத்தான், என் ரூம்?”

“பன்னிரண்டு வருஷம் கழிச்சுக் கேளு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமா உங்க அக்காவுக்கு.” வயரைக் காதில் மாட்டப்போனவர் நிறுத்தினார். “மாப்ளே, ஒண்ணு.”

“சொல்லுங்க.”

“வெறும் மெஷினை ஓட்டாத. பேரிங் போயிடும். ரெண்டு விரிப்பாவது போட்டு ஓட்டு.”

பாரதம் முழுவதிலிருந்தும் நாலுநாள் எடுத்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். பெரியவர் தொண்டையைச் செருமிச் சொன்ன பாடங்களில் எதுவும் இவ்வளவு உபயோகமாக அவருக்குப் படவில்லை.

கீழே இறங்கியபோது கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். சூதாட்டத்தன்று வந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகும் தினமும் வந்து மாட்டிப்பார்த்துவிட்டு, கடைசியில் பழைய கண்ணாடியோடே போய்விட்டாராம். அந்த வருத்தத்தில் பேச நிறைய வைத்திருந்தார்.

“என்னப்பா, முதலாளியை மாடிக்கு அனுப்பிட்டீங்க? கதை எங்க நிக்குது? சகுனி வந்தானா இல்லையா? நான் அன்னிக்கே சொன்னேன், ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தன்…”

மகள் கவுண்டரிலிருந்து மாமாவைப் பார்த்தாள். அக்கா கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். மாடியிலிருந்து அத்தானின் குரல், ஓய்வெடுத்துத் தெளிந்த குரல், நிதானமாக இறங்கி வந்தது.

“மாப்ளே.”

“இதோ அத்தான்.”

நாலுநாள் தொட்டியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு லாட்ஜ் விரிப்புகளை எடுத்தார். ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் சமமாக வைத்தார். சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். மூடியை அழுத்திச் சுவிட்சைத் தட்டினார். மெஷின் முனகியது, புலம்பியது, அப்புறம் நல்ல தொண்டையில் எடுத்தது. கண்ணாடிக்கடைக்காரரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ரொம்ப சுவாரஸ்யமாக ஏதோ சொல்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நாலுநாள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று வீடு தள்ளி, பல் டாக்டர் இடுக்கியை எடுத்தார்.